கடைசிப் பல்லை இழுக்காதே

அன்பும் அறிவும் ஒருசேரப் பெற்ற என் மருமகளுக்கு, பல் வைத்தியர்களே எழுந்து நின்று மரியாதை செய்யும் உன் மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் சுகம், என் கீழ்த்தாடை மட்டும் நீங்கலாக.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். பல்லில் பசை எவ்வளவு தாங்குகிறது என்று இழுத்துப் பார்க்கும் உன் மெஷினில் வியாழக்கிழமை நீ மாட்டப்போகும் அந்தக் கடைசிப் பல்லை இழுக்காதே. அது இல்லாவிட்டால் உன் ஆராய்ச்சி பாதியில் நிற்கும் என்று தெரியும். ஆனால் அதை இழுத்தால் என் தாடையும் கூடவே கழன்று வந்துவிடும்.

உனக்குப் பல் வேண்டும் என்றதும் சொந்தபந்தமெல்லாம் வாயை மூடிக்கொண்டபோது, வாயைத் திறந்தவன் நான். என் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியபோது கத்தியதுகூட டாக்டர்தான். பிடுங்கிய பல்லை உனக்காக வாங்கப் போன அன்று அவர் சாப்பிடப் போயிருந்தார். அலமாரியில் தண்ணீர்க் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பல். நான் யாரையும் கேட்கவில்லை. எது வெள்ளையாக, ராஜகளையோடு இருந்ததோ அதை எடுத்து வந்துவிட்டேன். என் பல் எனக்குத் தெரியாதா?

உன் லேபில் நான் செய்த உதவியை நீ மறந்திருக்க மாட்டாய். எனாமலைச் சீவித் தள்ளிவிட்டு, உள்ளே இருந்த மஞ்சள் டென்டினில் பசை தடவப் போனாய். வாழ்நாளெல்லாம் சோபாவுக்கு ரெக்ஸின் ஒட்டியவன் சும்மா இருப்பேனா?

"ஈரமா இருக்கே, நல்லாக் காய வைம்மா. இப்படி வச்சா எப்படி ஒட்டும்?"

"ஐயோ, ஊதாதீங்க மாமா! டென்டின் லேசா ஈரமாத்தான் இருக்கணும். அதுல கண்ணுக்குத் தெரியாத குழாய் நிறைய இருக்கு. ஆசிட் வச்சுக் கழுவினா அதெல்லாம் வாயைத் திறக்கும். பசை உள்ளே இறங்கி வேர் மாதிரிப் பிடிச்சுக்கும்."

"உசுருள்ளது மாதிரிச் சொல்றியே?"

"உசுரோட இருந்ததுதானே மாமா" என்று சிரித்தாய். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் மெஷின். மற்ற பற்களை முதலில் மாட்டினாய். எல்லாம் ஒரே குப்பியில் கலந்த பசை கொஞ்சம் இழுத்ததுமே 'டக்'கென்று விட்டது. இரண்டு குப்பிப் பசை கொஞ்சம் முரண்டு பிடித்து, பிறகு விட்டது. கடைசியாக, ஆசிட் போட்டுக் கழுவி ஒட்டிய என் பல்லை மாட்டி, சும்மா லேசாக முறுக்கிப் பார்த்தாய். என் நாற்காலி தரையில் கீச்சென்று நகர்ந்தது.

"மாமா, ஏன் கிட்டக் கிட்ட வர்றீங்க?"

நான் வரவில்லையம்மா!

அன்றிலிருந்து எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் என் வாய் உன் லேப் இருக்கும் திசைக்கே கோணுகிறது. "வழி கேக்கிறவங்களுக்கு உங்க மூஞ்சியைக் காட்டினாப் போதும்" என்கிறாள் உன் அத்தை. கண்ணாடியில் பார்த்தேன். பல் போன பள்ளம் மூடவேயில்லை. லேசாக ஈரமாக, வாயைத் திறந்துகொண்டு, எதற்கோ காத்திருக்கிறது.

நீ ஒட்டியதெல்லாம் ஒட்டட்டும், ஒட்டியது எதுவும் உன்னை விட்டுப் போகாதிருக்கட்டும் என்று வாழ்த்தும்,
உன் மாமா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் டாக்டர் போன் செய்தார். என் பல் இன்னும் அவரிடமே இருக்கிறதாம். கறுத்து, சொத்தை விழுந்து, பாதி உடைந்திருக்கிறதாம். பொறாமைக்காரர். நான் எடுத்து வந்தது வேறு யாருடையதோ. அந்த மனிதர் பல்லைப் பிடுங்கிக்கொண்ட கையோடு செத்தும் போய்விட்டாராம். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு, தாராளமாக இழு. ஒன்று மட்டும் சொல். இன்றைக்கு உன் லேப் பூட்டிக் கிடக்கும் என்று நீதானே சொன்னாய்? அப்படியென்றால் காலையிலிருந்து என்னை இழுத்துக்கொண்டிருப்பது யார்?