நேரலையில் அத்தைக்கு ஓர் அறிவிப்பு

"இந்தக் காலத்துல ரேடியோவை யார் கேக்கா?" என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். யார் கேட்கிறார்கள் என்று எனக்கு ஊர், தெரு வரைக்கும் தெரியும். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் கேட்கிறார்கள். சிவகிரி பஸ் கண்டக்டர் கேட்கிறார். (அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சிரிக்காமல் அவர் எனக்கு டிக்கெட் கிழித்ததே இல்லை.) அந்த வார்த்தை எப்படி என் வாயிலிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட்டால் எனக்கும் பாரம் குறையும்.

அப்போது நான் அரசு வானொலியில் பகுதிநேர அறிவிப்பாளர். விதைநேர்த்தி, ஆட்டுக்குத் தடுப்பூசி, நடுவில் ஒரு பக்திப் பாட்டு, கடைசியில் வானிலை. நான் "மழைக்கு வாய்ப்புண்டு" என்று வாசிப்பதால்தான் குருவிகுளம் பக்கம் மழையே பெய்கிறது என்ற நினைப்பு எனக்கு. (பெய்யாத நாட்களில் வேறு யாரோ வாசித்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்வேன்.)

அந்தத் திமிரோடுதான் ஆடித்தபசு நேர்முக வர்ணனைக்கு நான் போகிறேன் என்று முன்னால் போய் நின்றேன். சிவனையும் திருமாலையும் ஒரே உருவில் பார்க்க வேண்டும் என்று தவமிருந்த கோமதி அம்பாளுக்கு, சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் சாயங்காலம் சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி கொடுப்பார். நேரில் வர முடியாதவர்கள் வீட்டில் சூடத்தை எடுத்து வைத்துக்கொண்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். "காட்சி கொடுத்தார்" என்று நாங்கள் சொன்ன பிறகுதான் சூடம் கொளுத்துவார்கள், விரதத்தை முடிப்பார்கள்.

கிளம்புவதற்கு முன் நிகழ்ச்சி அதிகாரி என்னை உட்கார வைத்துச் சொன்னார். (எனக்கும் அம்பாள் பெயர்தான்.) "கோமதி, நம்மகிட்ட ஆளும் இல்ல, துட்டும் இல்ல. யாரும் கேக்கலங்காங்க மேல உள்ளவங்க. இந்த வருஷத்தப் பாத்துட்டுத்தான் அடுத்த வருஷம் நேரலை உண்டா இல்லையான்னு முடிவு பண்ணுவாங்க. ரெண்டே விசயம். நடக்காதத நடந்ததாச் சொல்லக்கூடாது. சொந்த விசயம் பேசக்கூடாது. இது ஊர்ச் சொத்து, நம்ம வீட்டு போன் இல்ல."

நான் சிரித்தேன். என்னிடம் போய் இதையெல்லாம் சொல்கிறாரே என்று இருந்தது.

எங்கள் வீடு புளியங்குடியில். என் மாமியார் ஆவுடையம்மாளுக்கு மூட்டுவலி வந்ததிலிருந்து தபசு ரேடியோவில்தான். சர்க்கரையும் உண்டு. அன்று காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டவர், இட்லித் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார்.

"அத்தை, மாத்திர போட்டுட்டு சாப்பிடாம இருக்கக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா?"

"சாமி காச்சி ஆகாம பச்சத் தண்ணி பல்லுல படாது. நீதான ரேடியோவுல சொல்லப்போற? சீக்கிரமாச் சொல்லு, நான் சாப்பிடுதேன்."

சுவாமி சப்பரத்தின் சாவியை நான் முந்தானையில் முடிந்து வைத்திருப்பது போலச் சொன்னார். எனக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. என் வீட்டுக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன்.

தெற்கு ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் எனக்கும் அதிகாரிக்கும் இடம். கீழே தலைகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தியும் மிளகாய் வத்தலும் மடியில் கட்டிக்கொண்டு சுற்று வட்டாரத்துச் சம்சாரிகள் நின்றார்கள். காட்சி கொடுக்கும் நேரம் அதைத்தான் சுவாமி மீது வீசுவார்கள். நான் மைக்கைப் பிடித்து, கோபுரத்தை வர்ணித்தேன், தபசுப் பந்தலை வர்ணித்தேன், பருத்தியை வர்ணித்தேன். சொல்ல வேண்டிய நேரம் வந்தது. சுவாமி வரவில்லை. கூட்டத்தில் சப்பரம் நகர முடியாமல் நிற்கிறது என்றார்கள்.

நேரலையில் மௌனம் கூடாது. நான் கோபுரத்தை மறுபடி வர்ணித்தேன். எதிரே இருந்த பாத்திரக்கடையின் பெயர்ப்பலகையைக்கூட வர்ணிக்கப் போக, அதிகாரி கையை ஆட்டித் தடுத்தார். விளம்பரம் ஆகிவிடுமாம்.

அப்போதுதான் மடியில் இருந்த போன் துடித்தது. அந்த நெரிசலில் யாருக்கும் கால் போகவில்லை. மெசேஜ்கள் மட்டும் தாமதமாகக் கொத்துக் கொத்தாக வந்தன. எல்லாம் என் வீட்டுக்காரர்.

"அம்மைக்கு வேர்த்துக் கொட்டுது." "ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கா. ரேடியோவ விட்டு நகர மாட்டேங்கா." "சீனித் தண்ணி குடுத்தா வாயத் தொறக்க மாட்டேங்கா. நீ சொன்னாத்தான் குடிப்பாளாம்."

என் கண் அந்த மெசேஜ்களை விட்டு நகரவில்லை. ஆனால் வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. சட்டென்று ஒரு வழி தோன்றியது.

"அன்பார்ந்த நேயர்களே, விரதமிருப்போரில் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் காட்சிக்காகக் காத்திராமல் ஏதேனும் அருந்திக்கொள்ளலாம். அம்பாள் கோபித்துக்கொள்ள மாட்டாள்."

அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. பொதுச்சேவை என்று நினைத்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். போன் துடித்தது.

"கேட்டா. 'நல்ல விசயம்தான் சொல்லுதா, சுகர் உள்ளவுக கேட்டு நடக்கணும்'ங்கா."

பல்லைக் கடித்துக்கொண்டேன். (மைக் அதையும் ஒலிபரப்பியதாகப் பின்னர் அறிந்தேன்.) கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம் என்று, "குறிப்பாக, மூட்டுவலியால் கோயிலுக்கு வர இயலாமல், வானொலிப் பெட்டி அருகே நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் மூத்த தாய்மார்கள், அதிலும் காலையில் இட்லியை ஒதுக்கியவர்கள், இப்போதே சர்க்கரை போட்ட ஏதாவது ஒன்றைக் குடித்தே ஆக வேண்டும்" என்றேன். அதிகாரியின் கட்டைவிரல் பாதியில் நின்றது. எந்த இட்லி என்று அவருக்குப் புரியவில்லை.

பதில் வந்தது. "'பாவம், என்னய மாதிரியே ஒருத்தி எங்கியோ கெடக்கா'ங்கா. கை நடுங்குது. பேச்சு கொளறுது. ஏட்டி, காச்சி ஆயிட்டுன்னு சொல்லிரு. ஒரே ஒரு வார்த்ததான."

ஒரே ஒரு வார்த்தைதான். சொல்ல வாயும் திறந்துவிட்டேன். அப்போது சிவகிரியிலும் குருவிகுளத்திலும் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களால் இந்த வீதியைப் பார்க்க முடியாது. நான் பார்த்துச் சொல்கிறேன் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பொய் சொன்னால் அத்தனை வீட்டிலும் வெறும் வீதிக்குச் சூடம் காட்டுவார்கள். அதற்காக அத்தையை விட்டுவிடுவதா? அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை.

என் வாய் தானாக ஆரம்பித்தது.

"புளியங்குடி, எலுமிச்சை மார்க்கெட் பின் தெரு, பச்சை கேட் வீட்டில் வசிக்கும் திருமதி ஆவுடையம்மாள் அவர்களின் கவனத்திற்கு." (காணாமல் போனவர்கள் அறிவிப்பு வாசிக்கும் குரல். பதற்றத்தில் அதுதான் வந்தது.) அதற்கு மேல் செந்தமிழ் கைவிட்டுவிட்டது. "அத்தை! ஒங்களத்தான் சொல்லுதேன், வேற யாரையும் இல்ல! காச்சி இன்னும் ஆகல. எப்ப ஆகும்னு எனக்கும் தெரியாது. நான் பொய் சொல்ல மாட்டேன். நீங்க மொதல்ல குடிங்க! மார்க்கெட்டுல யாராவது கேட்டுட்டு இருந்தா, ஓடிப்போய் எங்க அத்தையக் குடிக்க வைங்கய்யா!"

அதிகாரி வயர் பெட்டியின் மீது உட்கார்ந்துவிட்டார். என்னை நிறுத்தச் சொல்லிச் சீட்டு எழுத பேனாவைத் திறந்தவர், எதுவும் எழுதாமல் அப்படியே மூடினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையாகக் கோபுர வர்ணனைக்குப் போனேன். போன் செத்தது போலக் கிடந்தது. கோபுரத்தில் என்னென்ன சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

திடீரென்று கீழே பெரும் சத்தம். சுவாமி வந்துவிட்டார். வீதியே கை கூப்பியது. பருத்தியும் வத்தலும் வானத்தில் பறந்தன. என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. "இதோ! பாதி சிவனாக, பாதி திருமாலாக, அம்பாளுக்கு, நம் அனைவருக்கும், சங்கரநாராயணர் காட்சி..."

மடியில் போன் துடித்தது. பார்த்தேன். "குடிச்சிட்டா."

"...குடிச்சிட்டாங்க! நேயர்களே, குடிச்சிட்டாங்க!"

அப்படியே ஓவென்று அழுதேன். அதிகாரி என்னிடமிருந்து மைக்கைப் பிடுங்கி, "காட்சி கொடுத்தருளினார்" என்று சொல்லப் போய், வத்தல் நெடியில் தொடர்ந்து தும்மினார். அந்த வருஷத்து தெய்வீகக் காட்சி அரசாங்கப் பதிவில் இப்படித்தான் இருக்கிறது.

வீட்டில் நடந்ததை ராத்திரி என் வீட்டுக்காரர் சொன்னார். அறிவிப்பு முடிவதற்குள் மார்க்கெட்டில் இருந்தவர்கள் பச்சை கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். யாரோ ஒருவர் கடையிலிருந்து சீனியையே பொட்டலத்தோடு தூக்கி வந்திருந்தார். "யாத்தா, ரேடியோவுல ஒன் பேரச் சொல்லியாச்சு. நீ குடிக்காம நாங்க போக மாட்டோம்" என்று முற்றத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். அத்தைக்கு மானம் போய்விட்டது. கூட்டத்தைக் கலைப்பதற்காகவே மடமடவென்று குடித்தாராம். நான் வீட்டுக்குப் போனபோது என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "எனக்குச் சுகர்னு சம்பந்தி வீட்டுக்குத் தெரியாம வச்சிருந்தேன். நெல்லைச் சீமைக்கே சொல்லிட்டா."

எனக்கு மெமோ வந்தது. காட்சியின்போது 'குடித்துவிட்டார்கள்' என்று குறிப்பிட்டது யாரை என விளக்கம் கேட்டிருந்தார்கள். விளக்கம் எழுதினேன். அதற்குள் நிலையத்துக்கு இடைவிடாமல் போன். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்வி, "அந்த அத்தை இப்ப எப்படி இருக்காக?" அதிகாரி அதையெல்லாம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். அடுத்த வருஷமும் நேரலை உண்டு என்று உத்தரவு வந்தது. வர்ணனைக்கு முன்னால் விரதமிருப்போருக்கான அறிவிப்பு ஒன்றும் சேர்ந்துகொண்டது. (வர்ணனையிலிருந்து நான்தான் விலகிக்கொண்டேன். இப்போது மறுபடி ஆட்டுக்குத் தடுப்பூசிதான்.)

எங்கள் வீட்டில் இப்போது யாராவது நல்ல செய்தி கொண்டுவந்தால், பரீட்சையில் பாஸ், வேலை கிடைத்தது, எதுவானாலும், எல்லோரும் சேர்ந்து சொல்வது "குடிச்சிட்டாங்க!" என்றுதான்.

போன தபசன்று ஒரு புது அறிவிப்பாளர் அந்த அறிவிப்பை வாசித்தார். நல்ல உச்சரிப்பு, நல்ல குரல். சர்க்கரை நோய் உள்ள நேயர்கள் காத்திராமல் ஏதேனும் அருந்தலாம் என்றார். எலுமிச்சைச் சாற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த அத்தை உதட்டைப் பிதுக்கினார்.

"இவ பொதுவாச் சொல்லுதா. பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான ஒருத்தி குடிப்பா?"

"ஆவுடையம்மாள் அவர்களின் கவனத்திற்கு" என்றேன் பின்னாலிருந்து.

குடித்துவிட்டார்.