செருப்பைப் பார்த்து உள்ளே விட்டவன்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். நோட்டு வாங்கி ஒரு மாதம் ஆயிற்று. முதல் நாலு பக்கத்தில் அக்கா மளிகை லிஸ்ட் எழுதிக் கிழித்துக்கொண்டாள். பத்தாம் வகுப்பில் கணக்கோடு இரண்டு தடவை மோதி, இரண்டு தடவையும் அடி வாங்கி வெளியே வந்தவனுக்கு எழுத்து எதற்கு என்று நானும் சும்மாதான் இருந்தேன். ஆனால் இந்தக் கதையை அக்கா சொல்கிறாள், மாமா சொல்கிறார், ஆட்டோ ஸ்டாண்டில் சொல்கிறார்கள். ஆளுக்கொரு கை மசாலா சேர்க்கிறார்கள். போன வாரம் கேட்ட கதையில் நான் நீச்சல் குளத்துக்குள்ளேயே விழுந்துவிட்டேனாம். (விழவில்லை. விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அது வேறு விஷயம்.) சரி, நம்ம மானத்தை நாமே ஒழுங்காக வாங்கிக்கொள்வோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில், ஹைவே ஓரம் ஒரு ரிசார்ட். அதில் ஒரு நீச்சல் குளம். எங்கள் பக்கத்து மே மாத வெயிலில் பாலாற்றில் மணல் இருக்கும், முள்செடி இருக்கும், கிரிக்கெட் ஆடுகிறவர்கள் இருப்பார்கள்; தண்ணீர் மட்டும் இருக்காது. அப்படிப்பட்ட ஊரில் நீல டைல்ஸ் போட்டு, கழுத்தளவு தண்ணீர் நிரப்பி, காம்பவுண்டுக்குள் வைத்துவிட்டு, "ரூம் எடுத்தவர்களுக்கு மட்டும்" என்று போர்டு மாட்டினால் சனங்கள் சும்மா இருப்பார்களா? ஒரே ஒரு லெமன் ஜூஸ் சொல்லிவிட்டு ஆறு பேர் ஆறு டவுசரோடு வருவார்கள். "ரூம் நம்பர் முந்நூத்திப் பன்னெண்டு" என்பார்கள். எங்கள் ரிசார்ட்டுக்கு மூன்றாவது மாடியே கிடையாது.

இவர்களைத் தடுக்கும் வேலைக்குத்தான் நான் போனேன்.

வேலை வாங்கிக் கொடுத்தவன் சாதிக். என் தோஸ்த், அதே ரிசார்ட் கிச்சனில் இரண்டாவது மாஸ்டர். அவனுக்கு அப்போது நிக்காஹ் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டில் கேட்டது ஒரே கேள்வி: "மாப்பிள்ள பர்மனென்ட்டா?" பர்மனென்ட் லெட்டர் தயாராக மேனேஜர் மேசையில் இருந்தது, கையெழுத்துதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து எனக்காகச் சிபாரிசுக்குப் போயிருக்கிறான், புத்திசாலி.

மேனேஜர் டேனியல் சார் வேலூர் சத்துவாச்சாரிக்காரர். சிரிப்பதற்கு ஹெட் ஆபீசில் அனுமதி கேட்கிற முகம். "உன் ஆளு ஏதாவது சொதப்புனான்னா ரெண்டு பேரு லெட்டரும் இங்கியே நிக்கும்" என்று சாதிக்கிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கெஸ்ட்ட நிறுத்தி ரூம் நம்பர் கேக்கக் கூடாது. முன்னாடி இருந்தவன் ஒரு புது மாப்பிள்ளைய மூணு தடவ கேட்டான். அவரு கோச்சிக்கினு ரூமையே காலி பண்ணிட்டாரு."

"சரி சார்."

"வெளியாளு ஒருத்தன்கூட உள்ள போகக் கூடாது."

"சரி சார். ஆனா கேக்காம எப்டி சார் கண்டுபுடிக்கிறது?"

"அதுக்குதான உன்ன வெச்சிருக்குது?"

அந்த நிமிடம் என் மூளையில் பல்பு எரிந்தது. (அதை அப்போதே யாராவது அணைத்திருக்கலாம்.) அதற்கு முன் இரண்டு வருடம் நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், ஃபைனல் செக்கிங் டேபிளில் இருந்தவன். ஏற்றுமதிக்குப் போகிற ஜோடியைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, எங்கே குறை இருக்கிறதோ அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுவது வேலை. தையல் கோணலா, ஒரு அம்பு. கலர் ஒட்டவில்லையா, ஒரு அம்பு. ஆக, குளத்து வாசலில் எல்லாரும் கழற்றிவிடுகிற செருப்பைப் பார்த்தே இவன் ரூம் எடுத்தவனா, டவுசரோடு வந்தவனா என்று சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். (கணக்கில் இரண்டு தடவை ஃபெயில் என்று மேலேயே சொல்லியிருக்கிறேன்.)

"சார், நான் செருப்பப் பாத்தே ஆளச் சொல்லிடுவேன்."

"எங்க, சொல்லு பாப்போம்" என்று காலை நீட்டினார்.

குனிந்து பார்த்தேன். "இது லெதர் இல்ல சார். ரெக்ஸின்."

"மாமனார் குடுத்தது. ஒரிஜினல்னாரு."

"ரெக்ஸின்தான் சார்."

அவர் நீட்டிய காலை மெல்ல மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அதோடு என் வேலை உறுதியானது. மாமனார் வீட்டுப் போக்குவரத்து அன்றிலிருந்து கம்மி என்று கேள்வி.

மூன்று வாரம் என் வித்தை பிரமாதமாக வேலை செய்தது. குதிகால் தேய்ந்த ரப்பர் செருப்பில் வந்த காலேஜ் பையன்கள் நாலு பேரைத் திருப்பினேன். மழையே இல்லாத ஊரில் சேறு ஒட்டிய சேண்டல்ஸோடு வந்த குடும்பத்தைத் திருப்பினேன். கிச்சன் வரைக்கும் என் பேர் பரவிவிட்டது. நான் ஸ்டூலில் காலை ஆட்டிக்கொண்டு, வருகிறவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், கணுக்காலுக்குக் கீழே மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்ல ஆரம்பித்தேன். சாதிக் ஒரு தடவை எச்சரித்தான்.

"டேய் வேலு, மூஞ்சியையும் பார்றா."

"மூஞ்சி பொய் சொல்லும் மச்சான். சோல் பொய் சொல்லாது."

இப்படி ஒரு வசனத்தை நான்தான் பேசினேன் என்பதை நினைத்தால் இப்போதும் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்று, சரக்கு வாங்க வருகிற வெளிநாட்டு பையர்களுக்காகப் பத்து ரூம் போட்டிருந்தது. திருப்தியாகப் போனால் ஒவ்வொரு சீசனுக்கும் இங்கேயே வருவார்கள். ஐந்து மணிக்கு அவர்கள் குளத்துக்கு வரப்போவதாகச் சொல்லி டேனியல் சார் காலையிலிருந்து நாலு தடவை என்னிடம் வந்துவிட்டார்.

"இன்னிக்கு மட்டும் ஒழுங்கா பாத்துக்க. சாயங்காலம் ரெண்டு லெட்டரும் கையெழுத்து போட்டுடறேன்."

நாலு மணிக்கு ஒன்பது பேர் வந்தார்கள். மூன்று ஆண்கள், மூன்று பெண்கள், மூன்று பிள்ளைகள். நான் வழக்கம்போல் கீழே பார்த்தேன். அடடா! என்ன ஷூ! பளபளவென்று முழுத் தோல், கையால் போட்ட தையல், உள்ளே ஆட்டுத் தோல் லைனிங். ஒன்பது ஜோடியும் ஒன்றை ஒன்று தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி. என்னை அறியாமல் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன்.

கண்ணில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் காலில் இடது ஷூ ஒரு பழுப்பு, வலது ஷூ கொஞ்சம் வேறு பழுப்பு. வெளிநாட்டு ஃபேஷன் போல என்று நினைத்துக்கொண்டேன். இன்னொருவர் ஷூ அவர் பாதத்தைவிட நாலு சைஸ் பெரியது. நடக்கும்போது டப் டப் என்று ஒரு தாளம். பணக்காரர்களுக்கு இறுக்கம் பிடிக்காது என்று முடிவு செய்தேன். ஒரு அம்மாவின் குதிகாலில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஒரு நிமிஷம் மேடம்" என்று குனிந்து, நகத்தால் அதைச் சுரண்டி எடுத்து, என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டு வருடம் நானே ஒட்டிய அதே மாதிரி ஸ்டிக்கர்!

"வெல்கம் சார், வெல்கம் மேடம்" என்று ஒன்பது டவலும் கொடுத்தேன்.

பெரிய ஷூக்காரர் திகைத்துப்போய்ப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "இன்னாடா இது, சாப்ட்டவங்களுக்கு குளிக்கவும் வெச்சிக்கிறாங்களா! நம்ம கம்பெனில கைகழுவவே க்யூ நிக்கணும்."

"நம்ம கம்பெனி" என்ற வார்த்தை என் காதில் விழுந்தது. ஏதோ இவருக்குச் சொந்தமான கம்பெனி என்று எடுத்துக்கொண்டேன்.

கால் மணி நேரம் கழித்து ஒரு ஆள் தனியாக வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கட்டம் போட்ட கைலி, பனியன், தோளில் துண்டு. காலில் ரப்பர் செருப்பு. ஒரு வார் நீலம், ஒரு வார் பச்சை, பச்சை வாரில் ஊக்கு. நான் மேலே பார்க்கவே இல்லை. காலை நீட்டி வழியை மறித்தேன்.

"இன்னா பாய், எங்க?"

"குளத்தப் பாக்கலாம்னு வந்தேன்பா."

"பாத்துட்டீங்கள்ல? கெளம்புங்க."

"நான் இங்க ரூம்லதான் தங்கிக்கிறேன்."

"சாவி?"

"ரூம்ல வெச்சிட்டு வந்துட்டேன்."

"எல்லாரும் அப்டிதான் பாய் சொல்றாங்க. பாலாத்துல தண்ணி வரலன்னா எங்க ஓட்டலு இன்னா பண்ணும்?"

அவர் கோபப்படவில்லை. அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மெதுவாகச் செருப்பு ரேக் பக்கம் போய், அந்த இரண்டு பழுப்பு ஷூவில் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினார்.

"பாய், பாய்! தொடாதீங்க! அதெல்லாம் எக்ஸ்போர்ட் ஷூ. வெல தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்பா. நான்தான் வெல போட்டேன்."

சரியாக அந்த நேரம் சாதிக், ஏதோ ரூமுக்கு டீ ட்ரேயோடு அந்தப் பக்கம் வந்தான். அவரைப் பார்த்தான். நீட்டியிருந்த என் காலைப் பார்த்தான். ட்ரேயை அப்படியே தரையில் வைத்தான்.

"சாப்... சலாம் அலைக்கும் சாப்" என்றவன், என் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தபடி, "கால எட்றா! பத்து ரூமும் இவரோடதுதான்" என்றான்.

ஆம்பூர் கம்பெனியின் முதலாளி. பையர்கள் வருவதற்கு முன் குளம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்.

காலை எடுத்தேன். எடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ரப்பர் செருப்பைக் காட்டி, "சார், இந்தச் செருப்பப் பாத்து..." என்று இழுத்தேன்.

"தண்ணிக்கி வர்றவன் தோலு போட்டுக்கினு வருவானாப்பா? ஈரம் பட்டா பாழாப்பூடாது?" என்றவர், குனிந்து என் காலைப் பார்த்தார். அன்று நான் போட்டிருந்தது என் பழைய கம்பெனியில் கழித்த ஜோடி. மூக்கில் சுருக்கம் விழுந்ததால் கப்பல் ஏறாமல், ஆட்களுக்கே கம்மி விலைக்குக் கொடுத்தது. எங்கள் பக்கம் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையிலிருந்து பந்தி பரிமாறுகிறவர் வரைக்கும் எல்லார் காலிலும் இந்த மாதிரி ஷூதான். இந்த உலகத்தில் இதைத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான்.

"உன் கால்லகூட எக்ஸ்போர்ட் ஷூதான் கீது" என்றார் முதலாளி. "அப்ப நீ எந்த ரூமு?"

அதற்குள் மூச்சு வாங்க டேனியல் சார் ஓடி வந்தார். வந்தவர் குளத்தைப் பார்த்தார். "யாருய்யா இவங்கல்லாம்?" முதலாளியும் அப்போதுதான் குளத்தைப் பார்த்தார்.

குளத்திலிருந்தவர்களும் அவரைப் பார்த்தார்கள்.

"மொதலாளிடா!" என்று ஒரு குரல். அடுத்த நொடி பெரிய ஷூக்காரர் தண்ணீருக்குள் முழுகினார். முழுகியவர் வரவே இல்லை. எங்களுக்கே மூச்சு முட்டியது.

"முருகேசா, வெளிய வா" என்றார் முதலாளி. "கட்டிங் செக்சன்ல உன்ன விட்டா எனக்கு ஆள் இல்ல."

முருகேசன் மூக்கு வரைக்கும் வந்தார். ஒன்பது பேரும் அவர் கம்பெனி ஆட்களும் குடும்பமும்தான்; கழித்த ஷூவைப் போட்டுக்கொண்டு எங்கள் ரெஸ்டாரண்டில் சாப்பிட வந்தவர்கள்.

"எல்லாரையும் இப்பவே ஏத்திடறேன் சார்" என்று டேனியல் சார் விசிலை எடுத்தார்.

"வாணாம் வுடுங்க. என்னத்தான் உள்ள வுடல. அவங்களயாவது உட்டாங்களே" என்று சொல்லிவிட்டு முதலாளி துண்டை என் ஸ்டூலில் போட்டு, பனியனும் கைலியுமாகத் தண்ணீரில் இறங்கினார்.

அதற்குப் பிறகு நடந்த மாதிரி ஒரு குளியலை நான் பார்த்ததே இல்லை. ஒன்பது பேரும் குளத்தின் ஒரு ஓரத்தில், உயர வரிசைப்படி, ஷிஃப்ட் பெல்லுக்கு நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு அவரவர் கழுத்தளவு தண்ணீரில் நின்றார்கள். முதலாளி மறுகரையில் மிதந்தார். யாரும் அசையவில்லை. இருபது நிமிடம் கழித்து அவர் மேலே ஏறி, துண்டை எடுத்துக்கொண்டு மறைந்ததுதான் தாமதம், "ஓ" என்று ஒரு சத்தத்தோடு ஒன்பது பேரும் குதித்த குதியில் பாதித் தண்ணீர் வெளியே வந்து என்னை நனைத்தது. (மூக்குச் சுருங்கிய என் ஷூ அன்றோடு பாழ். அவர் சொன்னது சரிதான்.) பையர்கள் ஐந்து மணிக்கு வந்தபோது குளம் காலியாக இருந்தது, தண்ணீர்தான் கொஞ்சம் கம்மி.

லெட்டர் இரண்டும் அன்று கையெழுத்தாகவில்லை. மறுநாள் காலை டேனியல் சார் என்னை லாண்டரிக்கு அனுப்பினார். முதல் வேலை, ஒன்பது டவல். இப்போது குளத்துக்கு வருகிறவர்கள் கையில் ஆரஞ்சுக் காகிதப் பட்டை கட்டுகிறார்கள். என் மூளை செய்ய வேண்டியதை ஒரு காகிதம் செய்கிறது, நன்றாகவே செய்கிறது.

சாதிக் இருபது நாள் என்னோடு பேசவில்லை. பெண் வீட்டிலிருந்து தினமும் போன் வந்ததாம், பர்மனென்ட்டா, பர்மனென்ட்டா என்று. கடைசியில் அவனைக் காப்பாற்றியது நான் இல்லை, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள அவன் வைத்த தால்ச்சா. அடுத்த மாதம் பையர்களோடு திரும்பி வந்த முதலாளி, இதை வைத்தவன் யார், அவனை விட்டுவிடாதே என்று டேனியல் சாரிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே லெட்டர். என்னுடையது இன்னும் மேசையில்தான் இருக்கிறது. அதன் மேல் டீ கப் வைக்கிறார்கள் என்று கேள்வி.

வீட்டிலோ, நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் அக்கா உள்ளே இருந்து குரல் கொடுப்பாள்: "நீ எந்த ரூமு?" பதில் சொன்னால்தான் சோறு. மாமா ஒரு படி மேலே போய், புதிதாக யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு, "டேய், இவர உள்ள வுடலாமா பாரு" என்று வந்தவர் காலைக் காட்டுவார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாதிக்குக்கு நிக்காஹ். நேற்று அவனுக்கு மெசேஜ் போட்டேன்: "மச்சான், மண்டபத்துக்கு எந்த ஷூ போட்டுக்கினு வரட்டும்?"

உடனே பதில் வந்தது: "எதனா போட்டுக்கினு வாடா, வாசல்ல மட்டும் நிக்காத."