உத்தமன் வீட்டுக் கடல்

நீல மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதப்பதைப் பார்த்ததும் உத்தமன் பல் தேய்ப்பதை நிறுத்தினான். கைக்குக் கிடைத்த வடிகட்டியால் அதை எடுத்து வெள்ளைத் தாளில் கிடத்தி, டேபிள் லைட்டைப் போட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

"ஏங்க, அது டீ வடிகட்டி" என்றாள் புஷ்பா.

"வேற வாங்கிக்கலாம். காயம் இல்ல, புள்ளி இல்ல, துடுப்பு முழுசா இருக்கு. எதுக்குச் செத்துச்சுன்னே தெரியல புஷ்பா."

புஷ்பா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வடிகட்டிக்காக இல்லை, மீனுக்காகத்தான்.

ஆவடியில் ராணுவத் தளவாடம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் உத்தமனுக்குத் தர ஆய்வு வேலை. ஒரு இரும்புத் துண்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. பெரிய அதிகாரிகளே "உத்தமன் பார்த்துட்டாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். காலமெல்லாம் அடுத்தவர் செய்த பொருளில் குறை கண்டுபிடித்தவனுக்கு, தானும் ஒன்றைக் குறையில்லாமல் செய்து பார்க்க ஆசை வந்தது. அவன் செய்தது ஒரு கடல்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே செய்திருந்தான். நூம்பலில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில், கேன் தண்ணீரில் கடல் உப்பைக் கலந்து, சூட்டை அளந்து, உப்பை அளந்து, மீனே இல்லாத வெறும் தண்ணீரை வாரக்கணக்கில் கொப்பளிக்க விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். மாடியில் எல்லோரும் சிரித்தார்கள். கொளத்தூரில் மீன் கடை வைத்திருக்கும் எத்திராஜிடமிருந்து வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீனும், நீல மீனும், மஞ்சள் மீன்களும் வந்து இறங்கியபோது அந்தச் சிரிப்பு அடங்கியது. எதிர் வீட்டுச் சண்முகசுந்தரம் வங்கியில் ஓய்வு பெற்றவர், எதையும் லேசில் பாராட்டாதவர். அவரே செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கையைக் கட்டிக்கொண்டு தொட்டி முன்னால் நின்றார்.

புஷ்பாவுக்கு மட்டும் அது ஆரம்பத்தில் கரன்ட் தின்னும் கண்ணாடிப் பெட்டியாகத்தான் இருந்தது. முதல் மீன் செத்த நாளில் எல்லாம் மாறிப்போனது.

அது கொளத்தூரிலிருந்து வந்த அலுப்பில் மறுநாளே செத்த சின்ன மஞ்சள் மீன். அப்படி ஒன்றிரண்டு போவது சகஜம் என்று எத்திராஜ் முன்பே சொல்லியிருந்தான். ஆனால் அதே நாள் சாயங்காலம் வேலப்பன்சாவடி பக்கம் உத்தமனின் பைக் மணலில் சறுக்கி விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி அவன் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பேன்ட் கிழிந்ததோடு சரி, ஆளுக்கு ஒரு கீறல் இல்லை.

விஷயத்தைக் கேட்ட சண்முகசுந்தரம் தொட்டியையும் உத்தமனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பிக்கு வந்த கண்டத்தை மீன் வாங்கிக்கிச்சும்மா. வீட்ல மீன் வளர்க்கறதே அதுக்குத்தான்."

புஷ்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. தன் தாலிக்காக உயிரை விட்ட ஜீவனைப் போய் கரன்ட் பில்லைச் சொல்லித் திட்டினோமே என்ற நினைப்பு மனசை அறுத்தது. அதற்குப் பிறகு அந்த மீன்களை அவள் பெற்ற பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொண்டாள். தண்ணீரில் கை வைக்கக்கூடாது, சோப்பு வாசனைகூட ஆகாது என்று உத்தமன் ஒரு தடவைதான் சொன்னான். ஒரு நாளும் அவள் விரல் நுனி அந்தத் தண்ணீரில் பட்டதில்லை. அப்படிப்பட்ட பெண்டாட்டி எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஆனாலும் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன.

நீல மீனின் பிரேதப் பரிசோதனையில் ஒன்றும் தேறாததால், உத்தமன் தொழிற்சாலை வழக்கப்படி சந்தேகப் பட்டியலை மனசுக்குள் போட்டான். முதலில் மாட்டியது வீட்டு வேலை செய்யும் ராணியின் ஃபினாயில்.

"ஃபினாயில் இல்லாம இன்னாத்த சார் தொடைக்கிறது?" என்று ராணி கேட்டாள். வெறும் தண்ணீரில் துடைக்கச் சொன்னான். அந்த வாரமே எறும்புகள் சர்க்கரை டப்பாவுக்குக் குடிவந்தன. அடுத்து கொசு மருந்து நின்றது. கூவத்துக் கொசு மொத்தமும் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்து விருந்து சாப்பிட்டது. புஷ்பா ராத்திரியெல்லாம் விசிறிக்கொண்டு கிடந்தாளே தவிர முணுமுணுக்கவில்லை. இரண்டு மஞ்சள் மீன்கள் செத்தன.

ஜன்னல் வெயிலாக இருக்கும் என்று தொட்டியை இடம் மாற்றினான். பாதித் தண்ணீரை இறைத்து, செக்யூரிட்டி முனியனையும் கூட்டி வந்து, மூச்சுப் பிடித்துத் தூக்கி, ஹாலின் மறு கோடியில் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அங்கேதான் இன்னொரு பிளக் இருந்தது. அதற்குப் பிறகு சாவு குறையவில்லை, கூடியது.

"சாம்பிராணிப் புகைதான். பம்பு காத்தை இழுக்குதில்ல, புகையும் சேர்ந்து தண்ணிக்குள்ள போகுது" என்று உத்தமன் கண்டுபிடித்தான்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணியை விடுவது புஷ்பாவுக்குச் சின்ன விஷயமில்லை. ஆனாலும் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"விபூதித் தட்டு அங்கயே இருக்கலாமில்லங்க?"

"அதுக்கென்ன, அது புகையா விடுது?"

தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்து மட்டும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னது. தண்ணீரில் சுண்ணாம்பு கரைத்தாற்போலக் காரத்தன்மை ஏறுகிறது. தண்ணீர் மாற்றினால் இரண்டு நாள் இறங்கும், மறுபடி ஏறும். எத்திராஜுக்குப் போன் போட்டான். அவன் கல்லைச் சந்தேகப்பட்டான். கல்லையெல்லாம் எடுத்தார்கள். ஒளிய இடமில்லாமல் இன்னொரு மீன் பயந்தே செத்தது. கடைசியில் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் எதையாவது போடுகிறார்களோ என்று யாரையும் உள்ளே விடுவதில்லை என்று முடிவானது. சண்முகசுந்தரம் பாதி கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பிப் போனார். அதற்கப்புறம் லிஃப்டில் பார்த்தாலும் பேசுவதில்லை.

உத்தமன் விடவில்லை. ஷிப்டு முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருப்பதை ஈரத்துணியால் துடைப்பான். கடல் தண்ணீர்த் தொட்டி என்றால் உப்புப் பூக்கத்தான் செய்யும். அதையும் சுத்தமாக வைத்திருந்தான். இந்த மாதிரி ஒரு மனுஷனிடம் போய்ச் சாகிற மீனைத்தான் குறை சொல்ல வேண்டும்.

கடைசியில் மிஞ்சியது அந்த ஆரஞ்சு மீன் ஒன்றுதான். அதுவும் ஒரு மூலையில் அடியில் படுத்து, செவுள் படபடக்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உத்தமன் தொட்டி முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

"இதுவும் போச்சுன்னா தொட்டிய யாருக்காவது குடுத்துடலாம் புஷ்பா. என்னால முடியல."

கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. மறுநாளிலிருந்து இன்னும் சீக்கிரமாக எழுந்து குளித்தாள்.

அந்த நேரம் பார்த்துக் குடியாத்தத்திலிருந்து போன் வந்தது. தங்கைக்குப் பிரசவ வலி. இந்த நிலைமையில் மீனை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று புஷ்பா தயங்கினாள். உத்தமன்தான் வற்புறுத்திப் பஸ் ஏற்றிவிட்டான். கிளம்பும் முன் சமையலறையில் ராணியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வத்தக்குழம்பு விஷயமாக இருக்கும் என்று உத்தமன் நினைத்தான்.

அன்றைக்கே அவன் கடைசி முயற்சியில் இறங்கினான். தண்ணீரை மாற்றி, ஃபில்டரில் இருந்த பழைய பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, எத்திராஜ் கொடுத்தனுப்பிய புதுப் பஞ்சை வைத்தான்.

மீன் மறுநாள் தலையைத் தூக்கியது. அதற்கடுத்த நாள் மூலையை விட்டு வெளியே வந்தது. வாரம் முடிவதற்குள், உத்தமன் விரலைக் காட்டினால் கண்ணாடியோரம் ஓடிவந்து நின்றது. என்ன நிறம் அது! ஆரஞ்சும் வெள்ளையும் பளிச்சென்று பிரிந்து தெரிய, காலியான அந்தத் தொட்டியில் ஒற்றை ஆளாக ராஜநடை போட்டது. சொட்டு மருந்தின் நிறம் ஏறவே இல்லை. விளிம்பில் உப்புப் பூப்பதுகூடக் குறைந்திருந்தது.

உத்தமன் சண்முகசுந்தரம் வீட்டுக் கதவைத் தானே போய்த் தட்டினான்.

"பஞ்சு சார். எல்லாத்துக்கும் காரணம் அந்தப் பழைய பஞ்சு."

கோபத்தை மறந்து அவர் செருப்பைக் கழற்றினார். மாடி மொத்தமும் வந்து பார்த்தது. தொழிற்சாலையில் இருந்து இரண்டு பேர் வந்து பாராட்டிவிட்டுப் போனார்கள். எத்திராஜ் தன் பங்குக்கு அந்தப் பஞ்சின் மகிமையை வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னதில், கடையில் பஞ்சு விற்றுத் தீர்ந்துவிட்டது.

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்து புஷ்பா திரும்பி வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல், பையோடு நேரே தொட்டியிடம் போனாள். மீன் கண்ணாடியோரம் வந்து அவளைப் பார்த்தது. புஷ்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பஞ்சை மாத்தினேன் புஷ்பா" என்று உத்தமன் ஆரம்பித்தான். ஃபில்டர் எப்படி வேலை செய்கிறது என்று முழுசாக விளக்கினான். சின்னப் பிள்ளை சொல்வதைக் கேட்பதுபோல அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"பஞ்சும்தான். ஆனா இதைப் பொழைக்க வெச்சவ வேற ஒருத்திங்க" என்றாள்.

பையைத் திறந்து, குடியாத்தத்தில் எடுத்த கத்தரிப்பூ நிறப் புடவையை வெளியே எடுத்தாள். துடைப்பத்தோடு ஓரமாக நின்ற ராணியைக் கூப்பிட்டு, அதை அவளிடம் நீட்டினாள். உத்தமன் ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தான்.

ராணி புடவையை வாங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேணாங்கா, பொய் சொல்லி வாங்கிக்க மனசு வர்ல. தெனம் காலீல மீனுக்கு ஒரு கை துன்னூறு தூவச் சொல்லிட்டுப் போனியே, நீ ஊருக்குப் போனதுலேர்ந்து ஒரு நாளு கூட நான் தூவல, சுத்தமா மறந்து பூட்டேன்."