தொண்ணூறு நாள் பூட்டு

சிட்னியில் டூங்கபிப் பக்கம் இருக்கும் தேவராஜா மனைவிக்குத் தெரியாமல் பணக்காரராவது என்று தீர்மானித்தார். தெரிந்து ஆவது நடக்காது என்பது அவருடைய அனுபவம்.

முதலீடு, வீட்டில் சமைக்கிற குசினியைத் திருத்தவென்று இருவரும் சேர்த்து வைத்திருந்த இருபதினாயிரம் டொலர். வழிகாட்டி, பக்கத்து ஊரான நார்த்மீட்டில் இருக்கும் சிநேகிதன் வரதராஜன். அவன் காட்டியது ஒரு கிரிப்டோ தளம். காசைப் போட்டுத் தொண்ணூறு நாள் பூட்டி வைத்தால் வட்டி வருமாம்; ஸ்டேக்கிங் என்று பெயர். பூட்டுத் திறந்ததும் முழுவதையும் அங்கேயிருக்கும் ரோபோவிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். அதுவே வாங்கும், அதுவே விற்கும், நாம் படுத்துக் கிடக்கலாம்.

"இதில வங்கி இல்லை, முதலாளி இல்லை. மேல இருந்து கேள்வி கேக்க ஒருத்தரும் இல்லையடா" என்றான் வரதராஜன்.

வீட்டில் அப்படியொரு ஏற்பாட்டை ஒரு நாளும் கண்டிராத தேவராஜாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கணக்கை மனைவி நாகேஸ்வரியின் பெயரில் திறந்தார். அங்கேதான் மனிதரின் மூளை. அவள் ஒரு பல் வைத்தியரிடம் கிழமைக்கு இரண்டு நாள்தான் வேலை. சம்பளம் குறைவு, ஆகவே இலாபத்துக்கு வரியும் குறைவு. ஒரேயொரு இடைஞ்சல், தளம் அவளுடைய முகத்தைக் கேட்டது. அதற்கு அரசாங்க மருத்துவக் காப்புறுதியான மெடிகெயாரைத் துணைக்கு இழுத்தார்.

"இஞ்ச வாரும். மெடிகெயார் ஆப் உம்மட முகத்தைப் பாக்கோணுமாம்."

"அதுக்கென்ன, பாக்கட்டும்."

போனுக்கு முன்னால் இடப்பக்கம் திரும்பினாள், வலப்பக்கம் திரும்பினாள், போய் மிச்ச மீனை வெட்டினாள். குசினிக் காசு எங்கே என்று கேட்டபோது, வங்கியில் பிக்ஸ்ட் டிப்பொசிற்றில் கிடக்கிறது என்றார். "நல்லது" என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அவருடைய பேச்சை அவள் மறுகேள்வி இல்லாமல் நம்பியது அன்றுதான். அப்போதே மனிதர் உஷாராகியிருக்க வேண்டும்.

தொண்ணூற்றோராம் நாள் வேலையால் வந்தவர் காலில் கிடந்த சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"இஞ்ச வாரும். மெடிகெயார் திரும்பவும் முகம் கேக்குது."

"எனக்கு அப்பிடி என்ன நோய் வருத்தமாம்?"

"சும்மா ஒரு அப்டேற்."

பாவம், இடமும் வலமும் திரும்பிக் காட்டினாள். கணக்குத் திறந்தது. இருப்பு, பூச்சியம்.

தேவராஜா கணக்கை மூடித் திரும்பத் திறந்து பார்த்தார்; அதே பூச்சியம்தான். திங்கட்கிழமை குசினி திருத்துகிறவன் முற்பணம் கேட்டு வருவான். அவனுக்கு எதைக் கொடுப்பது, இவளுக்கு எதைச் சொல்வது.

"என்னப்பா, இப்பிடி வேர்க்குது?"

"நாகேசு, காசு போயிட்டுது. கள்ளர் அடிச்சுப்போட்டாங்கள். பிக்ஸ்ட் டிப்பொசிற் எண்டது பொய், கிரிப்டோவில போட்டனான். உம்மட பேரிலதான் போட்டனான். என்னை மன்னியும்."

"கள்ளர் இல்லை, நான்தான். இண்டைக்குக் காலமை எடுத்தனான்."

"நீரோ? எப்பிடி?"

"முகத்தைத்தானே காட்டினனான், கண்ணை மூடேல்லையே. கிரிப்டோ கணக்கு எண்டு போன்ல பெரிசா எழுதிக் கிடந்தது. அண்டைக்கே என்ர போன்லயும் அதை இறக்கிப்போட்டன். பாஸ்வேட் தெரியாது எண்டன். முகத்தைக் கேட்டுது, காட்டினன்."

"அப்ப காசு?"

"வட்டியோட எடுத்து, குசினிக்காரனுக்கு மத்தியானமே கட்டியாச்சு."

தேவராஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"தொண்ணூறு நாளும் தெரிஞ்சுகொண்டு ஏன் பேசாமல் இருந்தனீர்?"

"கலியாணம் கட்டின நாளில இருந்து உங்கட கை படாமல் காசு மூண்டு மாதம் கிடந்தது இதுதான் முதல் தரம். அதை ஏன் கெடுப்பான் எண்டு விட்டனான். நல்ல சாமானப்பா அந்தப் பூட்டு."

தேவராஜா அப்போதுதான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். நாகேஸ்வரி தேத்தண்ணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"அடுத்த மாதம் தொட்டு உங்கட சம்பளத்தையும் அதுக்குள்ள போட்டுவிடுங்கோ."