ஒரு ஓ போதும்

ஆங்கிலம் திருத்துவோர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். எழுதியிருப்பது என்ன என்று இவர்கள் பார்ப்பதில்லை. எப்படி எழுதியிருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். காப்பீட்டு அலுவலகத்துத் தலைமை எழுத்தர் அந்த இனத்தில் அசல். சக ஊழியர்கள் வைத்த பெயர் திருத்தல் திலகம்.

கேன்டீன் பலகையில் சாப்பாட்டுக்குப் பிந்தைய இனிப்பான 'டெஸர்ட்'டுக்கு ஓர் எஸ் குறைந்துவிட்டால், "இன்னிக்கு என்ன, பாலைவனத்தையா பரிமாறப்போறீங்க?" என்பார், பேனாவும் காகிதமும் கேட்டு எழுதியவர் 'ஸ்டேஷனரி'யில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டால், "நகராம நிக்கிற சாமானா வேணும்?" என்பார், காய்ச்சல் என்று லீவு கேட்டவரின் கடிதம் சிவப்பு மசியில் குளித்து, திருந்தி, மறுபடி அவர் மேஜைக்கு வருவதற்குள் காய்ச்சலே சலித்துப் போய் இறங்கியிருக்கும். திருத்தாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

வெளியூரில் வேலை பார்க்கும் ஒரே மகள் தினமும் ஆங்கிலத்தில் செய்தி அனுப்புவாள். தினமும் திருத்தி அனுப்புவார். மகள் என்றால் அவருக்கு உயிர். வேறு எப்படித்தான் காட்டுவார்?

ஒரு நாள் வந்த செய்தியில் 'இழப்பேன்' என்பதற்கான 'லூஸ்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் ஓ கூடுதல். விடுவாரா? "ஒரு ஓ போதும். ரெண்டு போட்டா தொளதொளன்னு அர்த்தம். இதென்ன சட்டையா?" என்று உடனே பதில் போட்டார். அதன்பிறகு மகளிடமிருந்து பேச்சு மூச்சில்லை.

"உன் பொண்ணுக்கு ரோஷத்தைப் பாரு!" என்று போனை மனைவியிடம் நீட்டினார்.

அதைப் படித்த மனைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏங்க, வேலை போயிடும் போல இருக்கு, பயமா இருக்குப்பான்னுல்ல எழுதியிருக்கா!"

"எங்க?" என்று போனைப் பிடுங்கிப் படித்தார். அப்போதுதான் முதல்முறையாகப் படித்தார். முகம் செத்துவிட்டது.

ஆறுதல் எழுத உட்கார்ந்தார். எழுதினார், அழித்தார், ஒரு காற்புள்ளியைத் தூக்கினார், திரும்ப வைத்தார். செய்தி போகவே இல்லை.

"குடுங்க இப்படி!" என்று மனைவி வாங்கி மகளை அழைத்தாள். "கிளம்பி வாடி. வேலை போனா போகுது, நாங்க இருக்கோம்." பிறகு போனை அவர் காதில் வைத்தாள்.

"அப்பாதான்மா... நீ வந்து... நான் படிக்கல... படிச்சேன், ஆனா..." என்று தடுமாறினார்.

"என்னப்பா, ஒரு வாக்கியம்கூட முழுசா வரல?" என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிச் சிரித்தபடி. ஆனால் அவள் திருத்தவில்லை.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். ஆனாலும் இதைப் படிக்கையில் கை எங்காவது பேனாவைத் தேடியிருந்தால், உங்களுக்கு வீட்டிலிருந்து கடைசியாக வந்த செய்தியை எடுத்து இன்னொரு தடவை படித்துவிடுங்கள்.