டயர் ஞானியும் மஞ்சள் சட்டையும்

சூறாவளி அணி மாறப் போகிறாராம்! எந்த அணிக்கு? அது தெரியாமல் ஊரில் ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை.

சூறாவளி என்பது கார்ப் பந்தய வீரரின் பட்டப்பெயர். இப்போது வெள்ளை அணிக்கு ஓட்டுகிறார். ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த வருஷம் சிவப்பா, நீலமா, பச்சையா? சொல்ல ஓர் ஆள் கிடைத்தார். பந்தயத் திடலுக்கு எதிரே, மூடிக் கிடந்த உதிரிபாகக் கடையில் டயர் ஞானி எழுந்தருளினார்.

அவர் முன்னால் ஒரு தேய்ந்த டயர். சூறாவளி ஓட்டிய டயராம். அதில் காதை வைத்தால் எதிர்காலம் கேட்குமாம். பாவம், தனக்கு எப்போது பஞ்சர் ஆகும் என்பது மட்டும் அந்த டயருக்குத் தெரியாது!

வரிசை பேருந்து நிறுத்தம் வரை நீண்டது. எல்லாரும் அவரவர் அபிமான அணியின் சட்டையில். கையில் காணிக்கைப் பணம். ஒவ்வொருவராக உள்ளே போவார்கள், கதவு சாத்தப்படும், வெளியே வரும்போது வாயெல்லாம் பல். ஆனால் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் பலிக்காதாம். போன வருஷம் வேறொரு வீரரைப் பற்றி ஞானி சொன்னபோது, பலித்தவர்கள் தெருவில் குதித்தார்கள். பலிக்காதவர்கள் வெட்கப்பட்டு வீட்டுக்குள் முடங்கினார்கள். குதிக்கிறவன்தானே கண்ணில் படுவான்?

பக்கத்துத் தெருவில் சலவைக் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு ஒரே தம்பி. பந்தயக் காருக்குச் சக்கரம் மாற்றுவதில் சூரன். மூன்று வருஷம் அலைந்து, நீல அணியில் வேலை கிடைத்திருந்தது. இன்று மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

"போட மாட்டேன்க்கா" என்றான்.

"ஏண்டா?"

"சூறாவளி பச்சைக்குப் போறாராம். ஞானி சொல்லிட்டாரு. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். அவரு வண்டிக்குத்தான் நான் சக்கரம் மாட்டுவேன்."

"பச்சைக்காரன் உன்னைக் கூப்பிட்டானா?"

"இனிமே கூப்பிடுவான்."

அக்கா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள். தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். பச்சைச் சட்டை.

"இதைப் போட்டுக்கிட்டா போன?"

"ஆமா. ஏன்?"

"காலையிலேர்ந்து நம்ம கடைக்குச் சட்டை வாங்க வர்றவன் எல்லாம் ஞானியைப் பார்த்துட்டுத்தான் வர்றான். சிவப்பும் சிரிக்குது, நீலமும் சிரிக்குது. ஒரு ஆளு மூணு வண்டியை ஓட்டுவாரா? கழட்டுடா அதை!"

வெளுத்து வைத்திருந்த ஒரு சிவப்புச் சட்டையை அவன் தலையில் மாட்டி, வரிசையில் தள்ளினாள். பின்னாலேயே தானும் நின்றாள். நாள் முழுக்கச் சட்டையையே பார்க்கும் ஞானிக்கு முகமா நினைவிருக்கும்? தம்பி உள்ளே போய் வெளியே வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"சிவப்புங்கறாருக்கா..."

அடுத்து அக்கா. தன் கடையின் மஞ்சள் சட்டையோடு நுழைந்தாள். கதவைச் சாத்த விடாமல் காலைக் குறுக்கே வைத்தாள்.

ஞானியின் காது டயரில் இருந்தது. கண் அரைவாசி திறந்திருந்தது. மஞ்சள்! மார்பில் சலவை இயந்திரத்தின் வட்டக் கதவுச் சின்னம். சக்கரம் மாதிரியே இருந்தது. ஒரு கணம் திணறினார். அப்புறம் முழங்கினார்:

"புது அணி பொறக்குது, மகளே! மஞ்சள் அணி! சூறாவளி அங்கதான் சேருறாரு!"

"நிச்சயமாவா ஐயா?"

"ரப்பர் பொய் சொல்லாது!"

அக்கா வாசல் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? சூறாவளி எங்க சலவைக் கடையில வேலைக்கு வர்றாராம்! வண்டி ஓட்டவா, இஸ்திரி போடவான்னுதான் தெரியல!"

தெருவே சிரித்தது. அக்கா விடவில்லை. "சிவப்புச் சட்டைக்காரங்களே, உங்களுக்கு எந்த அணி சொன்னாரு?"

"சிவப்பு!"

"நீலத்துக்கு?"

"நீலம்தான்..." என்றது ஒரு குரல், அழாத குறையாக.

"கடைசி நேரத்துல வக்கீலுங்க ஒப்பந்தத்தை மாத்திட்டாங்க!" என்று கத்தியபடியே ஞானி பின்வாசல் வழியாகப் பறந்தார். அன்றைக்கு அந்த ஊரில் அதைவிட வேகமாக எந்தக் காரும் ஓடவில்லை.

தம்பியும் ஓடினான். சிவப்புச் சட்டையோடு நீல அணியின் அலுவலகத்துக்குள் மூச்சிரைக்க நுழைந்தபோது மணி ஐந்தாகப் பத்து நிமிடம். மேலாளர் சட்டையைக் கண்டுகொள்ளவில்லை. பேனாவை நீட்டினார். பின்னாலேயே ஓடி வந்த அக்காவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

அன்று மாலையே அறிவிப்பும் வந்தது. சூறாவளி எங்கேயும் போகவில்லை, வெள்ளையிலேயே இருக்கிறார்! ஞானி வாயில் வெள்ளை ஏன் ஒருமுறைகூட வரவில்லை? சூறாவளி போகிறார் என்ற வதந்தியை நம்பி, வெள்ளை அணி ரசிகர்கள் தங்கள் சட்டைகளை முன்பே கொளுத்திவிட்டார்கள். வெள்ளையில் வந்து நிற்க ஆளே இல்லை.

ஆசையை மார்பில் எழுதிக்கொண்டு போய் நிற்கிறோம். அதை நமக்கே வாசித்துக் காட்டுகிறவனை ஞானி என்கிறோம். அடுத்த ஞானி இந்நேரம் எங்கோ கடை பிடித்திருப்பார். போகிறவர்கள் போங்கள். வேண்டுமானால் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், மூளையை அல்ல!