சின்னம்மா வீட்டுச் சார்ஜர்

மிகவும் பொறுப்பானவள் என்று பெயரெடுத்தவளிடம் எந்தப் பொறுப்பையும் கொடுக்கக் கூடாது. என்னை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஜப்பானில் ஓடி முடித்த மின்சாரக் கார் ஒன்றை வாங்கியிருந்தோம். எங்கள் வீட்டில் சார்ஜர் இல்லை. ஆனால் புளியங்கூடலில் எங்கள் பக்கத்து வீடு, லண்டனில் இருக்கும் சின்னம்மாவுடையது. விடுமுறைக்கு வந்தால் உதவும் என்று சுவரில் சார்ஜர் பொருத்திவைத்திருக்கிறார். (சார்ஜர் வந்துவிட்டது. சின்னம்மா இன்னும் வரவில்லை.) வீட்டைப் பூட்டித் திறக்கும் திறப்பு என்னிடம்.

மறுநாள் என் மகனுக்கு நயினாதீவு அம்மன் கோயிலில் முதற்சோறு. காலை பத்தரைக்குள் பிள்ளையின் வாயில் தீத்தாவிட்டால் நல்ல நேரம் போய்விடும் என்று மாமி வெருட்டிக்கொண்டே இருந்தார். அன்று பின்னேரமே சின்னம்மாவுக்கு அழைத்து, காருக்குச் சார்ஜ் போடலாமா என்று கேட்டேன்.

"போடு பிள்ளை. ஆனா வீட்டைப் பூட்டேக்க மெயின் சுவிச்சை நிப்பாட்டிப்போட்டுப் போ."

ஆளில்லாத வீட்டில் கரண்ட் இருக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய சமயக் கொள்கை. காரில் வயரைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே போய் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுக் கதவைப் பூட்டினேன். நிறுத்தினேனா என்று சந்தேகம் வந்து, திரும்பத் திறந்து பார்த்தேன். (நிறுத்தித்தான் இருந்தது. நிம்மதியாக நித்திரை கொண்டேன்.)

காலையில் கணவர், "என்னப்பா, லைட் எரியேல்லை?" என்றார்.

"நிறைஞ்சால் நூந்திடும்," என்றேன், சார்ஜரைக் கண்டுபிடித்தவள் போல. காரின் திரையில் ஏதேதோ எழுத்துகள் மின்னின. எல்லாம் ஜப்பான் மொழி. காலை வணக்கம் சொல்கிறது என்று நினைத்தேன்.

நயினாதீவுக்குப் படகு ஏறப் புறப்பட்டோம். புங்குடுதீவுக்குக் கடலின் குறுக்கே போகும் வீதியின் நடுவில் திரையில் ஓர் ஆமைப் படம் எரிந்தது. கார் ஊர்ந்தது, பிறகு நின்றே விட்டது.

"ஆமை புகுந்த வீடே உருப்படாது எண்டுவினம். இது காருக்குள்ள வந்திட்டுதே!" என்றார் மாமி.

கணவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "நீர் அங்கை மெயின் சுவிச்சை என்ன செய்தனீர்?"

"நிப்பாட்டினனான். திரும்பப் போயும் பாத்தனான்," என்றேன் பெருமையாக. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே விளங்கியது.

வைக்கோல் ஏற்றிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று இரைந்துகொண்டு வந்தது. அதை ஓட்டிய அண்ணை சிரிப்பை அடக்கிக்கொண்டு காரைக் கயிற்றால் கட்டி இழுத்தார். மாட்டுவண்டிகூட எங்களை முந்தியிருக்கும். இறங்குதுறை கண்ணுக்கே தெரியவில்லை. நேரமோ பத்தரையை நெருங்கியது. மாமி கடலுக்கு அப்பால் நயினாதீவுப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். மடியிலிருந்த புக்கைச் சோற்றுச் சட்டியைத் திறந்தார்.

"அம்மாளுக்கு இஞ்சையும் கண் தெரியும். தீத்து பிள்ளை!"

மகன் முன்னால் டக்டக்டக் என்று குலுங்கிய லான்ட்மாஸ்டரையே பார்த்தபடி வாயை ஆவென்று திறந்தான். நல்ல நேரம் தப்பிக்கொண்டது. நான்தான் தப்பவில்லை.

இன்றைக்கும் யாராவது முன்னால் நின்று "டக்டக்டக்" என்று இரைந்தால்தான் அவன் வாய் திறக்கும். போன கிழமை ஒரு கலியாண வீட்டில், பந்தியின் நடுவே, பட்டுச்சேலையோடு நான் குலுங்கிக் குலுங்கி இரைந்துகொண்டிருந்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்த யாரோ ஓர் அம்மா மாமியிடம் குனிந்து, "மருமகளுக்கு ஏதும் வலிப்பு வருத்தமோ?" என்று கேட்டார்.

"சீச்சீ. நிப்பாட்டிப்போடாதேங்கோ, அவன் இன்னும் ரெண்டு வாய் சாப்பிடட்டும்."